தென்னாப்பிரிக்காவில் தன் மக்கள் தாக்கப்பட்டால் ஒரு ஆப்பிரிக்க அரசு என்ன செய்ய வேண்டும்?

முதலில் செய்யக் கூடாததைச் சொல்லிவிடுகிறேன்: பழிக்குப் பழி வேண்டாம். 2019 செப்டம்பரில் ஜொகான்னஸ்பர்க்கில் வெளிநாட்டவர் கடைகளைச் சூறையாடிய செய்தி பரவியதும், நைஜீரியாவின் லாகோஸில் ஒரு கூட்டம் ஷாப்ரைட் கடைகளுக்குள் புகுந்தது. அது தென்னாப்பிரிக்கக் கம்பெனிதான், ஆனால் அங்கே வேலை பார்த்தவர்கள் பெரும்பாலும் நைஜீரியர்கள். யார் வயிற்றில் அடித்தார்கள்?

விமானம் அனுப்பி அழைத்து வருவது சரிதான், அதற்கான ஏற்பாடு மட்டும் கலவரத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். அந்த மாதம் நைஜீரியாவுக்குக் கிளம்பிய முதல் விமானத்தில் 300 பேருக்கு மேல் போவார்கள் என்றார்கள். ஆவணச் சிக்கலில் பலர் விமான நிலையத்திலேயே நிற்க, 200 பேர்கூட ஏறவில்லை. அதனால் தூதரக ஊழியர்கள் மாதம் ஒருமுறையாவது ஜொகான்னஸ்பர்க்கில் அலெக்சாண்ட்ரா, டீப்ஸ்லூட் மாதிரி ஏழைக் குடியிருப்புகளுக்கே போய் உட்கார்ந்து காலாவதியான பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துக் கொடுக்கட்டும். இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: விசா முடிந்து 30 நாளுக்கு மேல் தங்கியவர் நாட்டை விட்டு வெளியேறினால் 5 வருடம் திரும்ப வர முடியாதபடி தடை விழும். உயிருக்குப் பயந்து ஓடுபவர்மேல் இந்தத் தடை விழாது என்று தென்னாப்பிரிக்க அரசிடம் எழுத்தில் வாங்குங்கள்.

பஸ்ஸில் ஏற்றும் முன் ஒவ்வொருவரிடமும் வாக்குமூலம் எடுத்துவிடுங்கள், இது ரொம்ப முக்கியம். 2008 மே கலவரத்தில் 62 பேர் செத்தார்கள், அதில் 21 பேர் தென்னாப்பிரிக்கர்கள், தண்டனை பெற்றவர்களோ மிகச் சிலர்தான். சாட்சி ஊருக்குப் போய்விட்டால் வழக்கு எப்படி நிற்கும்? அங்கே நீதிமன்றங்கள் காது கொடுத்துக் கேட்கின்றன. கிளினிக் வாசலில் நின்று வெளிநாட்டவரை மறித்த ஆபரேஷன் டுடுலா என்ற வெளிநாட்டவர் எதிர்ப்பு இயக்கத்துக்கு எதிராக 2025 நவம்பரில் ஜொகான்னஸ்பர்க் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, வழக்குப் போட்டவை உள்ளூர் அமைப்புகள். அப்படிப்பட்டவர்களுக்கு வக்கீல் செலவுக்குக் கைகொடுங்கள்.

அப்புறம், தனியாகப் போய்க் கத்தாதீர்கள். 2019இல் நைஜீரியா, ருவாண்டா, மலாவி, காங்கோ தலைவர்கள் கேப்டவுன் பொருளாதார மாநாட்டுக்குப் போகவில்லை; கொஞ்ச நாளில் தென்னாப்பிரிக்க அதிபர் ரமபோசா 7 நாடுகளுக்குத் தூதர்களை அனுப்பினார்.

உங்கள் வீட்டுக் கணக்கையும் பாருங்கள். 1969இல் கானா நைஜீரியர்கள் உள்ளிட்ட வெளிநாட்டவரை வெளியேற்றியது, 1983இல் நைஜீரியா கானாக்காரர்களை லட்சக்கணக்கில் துரத்தியது. ஆப்பிரிக்க ஒன்றியம் 2018இல் கொண்டுவந்த தடையற்ற நடமாட்ட ஒப்பந்தம் நடைமுறைக்கு வர 15 நாடுகள் ஒப்புதல் தர வேண்டும், தந்தவை விரல்விட்டு எண்ணும் அளவுதான். உங்கள் நாடாளுமன்றத்தில் அது எங்கே தூங்குகிறது என்று தேடி எடுத்து, அடுத்த கூட்டத்தொடரிலேயே வாக்கெடுப்புக்கு வையுங்கள்.