கேஸ் கிரில் வாங்கப் போறீங்களா? மொதல்ல முட்டி போட்டு அடியில பாருங்க

என்னோட மொத கேஸ் கிரில் பாக்க செம்மயா இருந்துச்சு. அஞ்சு பர்னர், பக்கவாட்டுல ஒரு சைடு பர்னர், நாப்ப சுத்தி நீலக்கலர் லைட்டு, மூடியில மூஞ்சி பாத்து தலை சீவலாம் அவ்ளோ பளபளப்பு. ரெண்டு வருஷம் வெளியிலயே நின்னுச்சு. ஒருநாள் சிக்கன திருப்பிப் போடும்போது கீழ ஏதோ வெளிச்சம் தெரியுதேன்னு குனிஞ்சு பாத்தா, பெட்டியோட அடித்தகடு துரு தின்னு உள்ளங்கை அகலத்துக்கு ஓட்ட, அது வழியா பர்னர் நெருப்பு எட்டிப் பாக்குது. மூடி மட்டும் அன்னைக்கும் பளபளன்னுதான் இருந்துச்சு.

கடையில நான் பாத்தது முன்பக்கத்த மட்டும்தான், தப்பு அங்கதான். வருஷம் பூரா வெயில் மழை பனின்னு வெளியிலயே நிக்கப்போற கிரில்ல சாகடிக்கிறது பூரா உள்ள, அடியில, ஸ்க்ரூ இடுக்குலதான் நடக்கும். அதனால மொத தடவை வாங்குறவங்களுக்காக, ரெண்டாவது கிரில் வாங்கும்போது நான் எப்படி பாத்தேனோ அதே வரிசையில எழுதுறேன்.

ஸ்டெப் 1: எங்க நிக்கும், எந்த கேஸு

கடைக்குப் போறதுக்கு முன்னாடி கிரில் நிக்கப்போற எடத்த ஒரு தடவை போய் பாருங்க. மேல திறந்திருக்கணும், சுவரு, மரம், துணின்னு எரியக்கூடிய எதுலருந்தும் நல்லா தள்ளி இருக்கணும், எவ்ளோ தூரம்னு மேனுவல்லயே போட்டிருப்பாங்க. கராஜ், மூடின பால்கனி இதெல்லாம் வேணவே வேணாம், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது கலரும் கிடையாது.

காத்து எந்தப் பக்கத்துலருந்து வருதுன்னும் பாத்துக்கங்க. முக்காவாசி கிரில்லுல சூடு வெளியேறுற வழி மூடிக்கு பின்னாடிதான் இருக்கும், பின்பக்கமா காத்து அடிச்சா வெளிய போகவேண்டிய சூடு அப்படியே முன்னாடி திரும்பி வந்து நாப்பையும் இக்னைட்டர் (நெருப்பு பத்தவைக்கிற பாகம்) ஒயரையும் உருக்கிரும். அதனால முதுக காத்துக்கு காட்டாம நிறுத்துறதுக்கு எடம் இருக்கான்னு பாருங்க.

கேஸ் விஷயம் எளிமைதான். புரொப்பேன், பியூட்டேன் ரெண்டும் சிலிண்டர்ல வர்ற கேஸு. புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி செல்சியஸ்லயே கொதிச்சு ஆவியாகிரும், பியூட்டேன் கொதிக்க கிட்டத்தட்ட பூஜ்ஜியம் டிகிரி வேணும். அதாவது தண்ணி உறையுற குளிர்ல பியூட்டேன் சிலிண்டருக்குள்ள திரவமாவே உக்காந்துக்கும், மேல வராது. குளிர்லயும் சமைப்பேன்னு சொல்றவங்க புரொப்பேன் பக்கம் போறது நல்லது. பைப்புல வர்ற இயற்கை எரிவாயு இருந்தா சிலிண்டர் தூக்குற வேலை மிச்சம், ஆனா அதுக்குன்னே செஞ்ச கிரில்லாதான் வாங்கணும். அதோட ஜெட் (கேஸ் பீச்சிக்கிட்டு வர்ற முனை) ஓட்டை பெருசா இருக்கும், புரொப்பேனுக்கு சின்னதா இருக்கும், மாத்தி மாட்டினா ஒண்ணு நெருப்பு வராது, இல்ல தலைமுடி கருகுற அளவுக்கு எழும்பும். விளையாடாதீங்க.

ஸ்டெப் 2: பாக்கெட்ல ஒரு காந்தம்

ஃப்ரிட்ஜ்ல ஒட்டுற சின்ன காந்தம் போதும். "ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்"னு மட்டும் போட்டுட்டு அது எந்த ரகம்னு சொல்ற நம்பர் போடலன்னா எனக்கு உடனே சந்தேகம் வந்துரும், ஏன்னா அந்தப் பேர்ல பல சாதி இருக்கு. 304ங்கிறது சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல், வெளியில நிக்கிற சாமானுக்கு நல்ல உலோகம், காந்தம் ஒட்டாது. 430ல குரோமியம் இருக்கும் ஆனா நிக்கல் கிட்டத்தட்ட கிடையாது, காந்தம் டப்புன்னு ஒட்டும், மழையில கொஞ்ச நாள்லயே காபிக்கறை மாதிரி புள்ளி புள்ளியா வர ஆரம்பிக்கும்.

காந்தம் ஒட்டலன்னா 304தான்னு குதிச்சிராதீங்க. 201ன்னு ஒண்ணு இருக்கு, நிக்கல குறைச்சுட்டு மாங்கனீசு சேத்திருப்பாங்க, அதுலயும் காந்தம் ஒட்டாது, ஆனா துரு தாங்குற சக்தி 304 அளவுக்கு வராது. இன்னொரு பக்கம், நல்ல 304 தகட்டுலயே வளைச்ச மூலையில மட்டும் காந்தம் லேசா இழுக்கும், அதுக்காக கிரில்ல ஒதுக்கவும் வேணாம். ஆக காந்தம் 430ஐ மாட்டிவிடும், அவ்ளோதான் அதால முடியும், மிச்சத்துக்கு நம்பர எழுத்துல காட்டச் சொல்லி கேளுங்க.

கடலுக்குப் பக்கத்துலயோ நீச்சல் குளத்துக்குப் பக்கத்துலயோ வைக்கப்போறீங்கன்னா இன்னும் கவனம். ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காம இருக்கிறதே மேல இருக்கிற மெல்லிசான குரோமியம் ஆக்சைடு படலத்தாலதான், உப்புலயும் குளோரின்லயும் இருக்கிற குளோரைடு அந்தப் படலத்த அங்கங்க ஓட்டை போட்டுரும். அந்த மாதிரி எடத்துக்குன்னே மாலிப்டினம் சேத்த 316 இருக்கு. அது கெடைக்கலன்னா 304ஐயே வாங்கி அடிக்கடி நல்ல தண்ணியில துடைச்சுக்கிட்டே இருக்கணும்.

ஸ்டெப் 3: இப்போ முட்டி போடுங்க

கடையில நான் மொபைல் டார்ச்ச அடிச்சுக்கிட்டு கிரில்லுக்கு அடியில தலைய விட்டிருந்தப்போ சேல்ஸ் பையன் வந்து "சார், ஏதாவது விழுந்துருச்சா?"ன்னு கேட்டான். கேட்டா கேட்டுட்டுப் போறான், வெக்கப்படாதீங்க.

மொதல்ல பாக்கவேண்டியது ஃபயர்பாக்ஸ், அதாவது பர்னர் உக்காந்திருக்கிற பெட்டி. கொழுப்பு, உப்பு, மசாலா, மழைத்தண்ணி எல்லாம் சேந்து ஊறுற எடம் இதுதான். வார்ப்பு அலுமினியமா இருந்தா அதுக்கு இரும்புத்துருங்கிற பேச்சே இல்ல, என் கணக்குல இதுதான் பெஸ்ட். ஒரே குறை, அலுமினியம் 660 டிகிரியில உருகிரும், கொழுப்புத் தட்ட சுத்தம் பண்ணாம விட்டு உள்ள பெரிய தீ பிடிச்சா பெட்டி கோணிக்கும். பெயின்ட் அடிச்ச மெல்லிய இரும்புத்தகடா இருந்தா, ஸ்க்ரூ போட்ட எடத்துல பெயின்ட் உரியும், துரு அங்கருந்து ஆரம்பிக்கும், என் பழைய கிரில் கதைதான். விரலால ஒரு சுண்டு சுண்டுங்க, டின் டப்பா மாதிரி சத்தம் வந்தா அடுத்த கிரில்லுக்குப் போயிருங்க.

அடுத்து பர்னர். கம்பித்தட்ட தூக்கி வச்சுட்டு கைய விட்டு தொட்டுப் பாருங்க. விரலால அமுக்கினா நசுங்குற மாதிரி மெல்லிசான குழாயா, இல்ல கெட்டியா இருக்கா? வார்ப்பு பித்தளை பர்னர் கனமா இருக்கும், ரொம்ப வருஷம் வரும். தடிமனான 304 குழாயும் நல்லா உழைக்கும். நெருப்பு வர்ற ஓட்டைங்க குழாயோட உச்சியில இருந்தா மேலருந்து சொட்டுற கொழுப்பு நேரா அதுல விழுந்து அடைச்சுக்கும், பக்கவாட்டுல இருந்தா அந்த தொல்லை கம்மி. ஒரு பர்னர கழட்ட எத்தன ஸ்க்ரூன்னும் கேளுங்க. ஒரு ஸ்க்ரூவோ ஒரு பின்னோ எடுத்தா கையோட வந்துரணும், ஏன்னா எந்த பர்னரா இருந்தாலும் ஒருநாள் மாத்தத்தான் போறீங்க.

பர்னருக்கு மேல கூரை மாதிரி வளைஞ்ச தகடு இருக்கும். சொட்டுற கொழுப்பு பர்னர் மேல விழாம தடுக்கிறது, அந்த கொழுப்ப அங்கயே பொசுக்கி புகையாக்குறது, ரெண்டும் அதோட வேலை. முந்தி லாவா கல்லுதான் போடுவாங்க, அது கொழுப்ப குடிச்சு குடிச்சு குப்புன்னு தீ பிடிக்கும், 1985ல வெபர் கம்பெனியோட ஜெனிசிஸ் மாடல் இந்தத் தகடோட வந்ததுக்கு அப்புறம் கல்லு மெல்ல மெல்ல காணாமப் போச்சு. கிரில்லுலயே மொதல்ல சாகுற பாகம் இதுதான், அதனால தடிமன பாருங்க. கேஜ் நம்பர் சின்னதா இருந்தா தகடு கெட்டின்னு அர்த்தம், 20 கேஜ் ஒரு மில்லிமீட்டர் கூட வராது, 16 கேஜ் ஒன்றரை மில்லிமீட்டர்.

கடைசியா கொழுப்புத் தட்டு. வெளிய இழுத்துப் பாருங்க, சுலபமா வருதா? வரலன்னா நீங்க அத சுத்தமே பண்ணமாட்டீங்க, நானும்தான்.

ஸ்டெப் 4: கம்பித்தட்டு

எனாமல் பூசின மெல்லிய கம்பி வேணாம், சில்லு பேந்துச்சுன்னா அதுக்கடியில துரு ஓடும். வார்ப்பிரும்பு சூட்ட நல்லா பிடிச்சு வச்சுக்கும், ஆனா எண்ணெய் தடவி பராமரிக்கிற பொறுமை வேணும், ஈரத்துல விட்டா மறுநாளே ஆரஞ்சு கலர். நான் எடுத்தது 8 மில்லிமீட்டர் கனத்துக்கு ஸ்டெயின்லெஸ் கம்பி, சோம்பேறிங்களுக்கு ஏத்தது. ஒரு விஷயம், கம்பி பிரஷ் வச்சு தேய்க்கிறவங்க தேய்ச்சதும் ஈரத்துணியால ஒரு தடவை துடைச்சிருங்க, உதிர்ந்த கம்பி முள்ளு சாப்பாட்டோட தொண்டைக்குள்ள போயி ஆஸ்பத்திரி வரைக்கும் போனவங்க இருக்காங்க.

ஸ்டெப் 5: பிடியூ கணக்கு

60,000 பிடியூன்னு (சூட்ட அளக்கிற அலகு) அட்டையில பெருசா போட்டிருப்பாங்க. அது கிரில் ஒரு மணி நேரத்துல அதிகபட்சமா எவ்ளோ கேஸ் எரிக்கும்ங்கிற கணக்குதான், சாப்பாட்டுக்கு எவ்ளோ சூடு போய்ச் சேரும்னு அது சொல்லாது. சைடு பர்னரையும் சேத்து கூட்டியிருப்பாங்க, அத கழிச்சிருங்க. மிச்சத்த மெயின் கம்பித்தட்டோட சதுர அங்குலத்தால வகுத்தா 80லருந்து 100க்குள்ள வந்தா சரி. உதாரணமா 450 சதுர அங்குலம்னா 36,000லருந்து 45,000 வரைக்கும். கிலோவாட்ல போட்டிருந்தா 3,412ஆல பெருக்கிக்கங்க. இதுக்கு மேல பிடியூ இருந்து மூடி லொடலொடன்னு இருந்தா பாதி சூடு வானத்துக்குதான் போகும்.

அதனால மூடிய தொறந்து மூடிப் பாருங்க, கெட்டியா உக்காரணும். கிரில்ல ரெண்டு கையாலயும் பிடிச்சு லேசா ஆட்டுங்க, கால் எல்லாம் ஒண்ணா ஆடணும், தனித்தனியா நெளியக்கூடாது. பர்னர் மூணு இருந்தா வசதி, ஒரு ஓரத்துல மட்டும் எரியவிட்டு மறு ஓரத்துல கறிய வச்சு மூடி மெதுவா வேகவைக்கலாம்.

ஸ்டெப் 6: வாரன்டி

"10 வருஷ வாரன்டி"ன்னு மேல இருக்கும், கீழ பொடி எழுத்துல பர்னருக்கு எவ்ளோ, கம்பித்தட்டுக்கு எவ்ளோ, "மற்ற பாகங்கள்" எவ்ளோன்னு தனித்தனியா இருக்கும். அந்த "மற்ற பாகங்கள்" ஒரு வருஷம்தான்னு இருந்தா கம்பெனிக்காரனுக்கே அதுமேல நம்பிக்கை இல்லன்னு வச்சுக்கங்க. துரு கவராகுமா, அந்த மாடலுக்கு பர்னரும் தகடும் தனியா கெடைக்குமா, இந்த ரெண்டையும் கேக்காம பணம் கட்டாதீங்க.

ஸ்டெப் 7: வீட்டுக்கு வந்ததும்

மாட்டும்போது அலுமினியத்துக்குள்ள போற ஸ்க்ரூவுக்கெல்லாம் ஆன்டி சீஸ் பேஸ்ட் (ஸ்க்ரூ இறுகிப்போகாம காக்குற பசை) கொஞ்சம் தடவுங்க. ரெண்டு வேற உலோகம் ஈரத்துல ஒட்டிக்கிட்டு இருந்தா அரிச்சு ஒண்ணோட ஒண்ணு இறுகிரும், அப்புறம் கழட்டப் போனா ஸ்க்ரூ தலை மட்டும் கையோட வரும்.

அப்புறம் லீக் டெஸ்ட். பர்னர் நாப்பெல்லாம் மூடியே இருக்கட்டும், சிலிண்டர திறந்துட்டு பாத்திரம் கழுவுற சோப்புத்தண்ணிய ஹோஸ், ரெகுலேட்டர், ஜாயின்ட் எல்லாத்துலயும் தடவுங்க. குமிழி ஊதினா லீக்கு, சிலிண்டர மூடிட்டு ஜாயின்ட்ட இறுக்கிட்டு மறுபடி பாருங்க. தீக்குச்சி வச்சு பாக்குற வேலையெல்லாம் கூடவே கூடாது. சிலிண்டர் மாத்துற ஒவ்வொரு தடவையும் இத பண்ணணும்.

பத்த வைக்கும்போது மூடி திறந்தே இருக்கணும், ஏன்னா புரொப்பேன் காத்த விட கனம், மூடியிருந்தா உள்ளயே தேங்கி நிக்கும். அஞ்சு செகண்டுல பத்தலன்னா கேஸ் நாப்ப மூடிட்டு, கிரில் மூடிய திறந்தே வச்சு அஞ்சு நிமிஷம் சும்மா இருங்க.

புதுசா வாங்கினவங்க நெறைய பேர் "கிரில் சூடே ஏறல, டிஃபெக்ட் பீஸ்"னு திருப்பிக் கொடுக்கிறது இன்னொரு காரணத்தால. சில ரெகுலேட்டர்ல ஒரு பாதுகாப்பு வால்வு இருக்கு, பர்னர் நாப்ப மொதல்ல திறந்துட்டு அப்புறம் சிலிண்டர திறந்தா ஹோஸ்தான் கிழிஞ்சிருச்சுன்னு நெனச்சு கேஸ சொட்டு சொட்டாதான் விடும். எல்லாத்தையும் மூடுங்க, ரெகுலேட்டர கழட்டி மாட்டுங்க, சிலிண்டர மெதுவா திறங்க, கொஞ்சம் பொறுத்து நாப்ப திறங்க. சரியாயிரும்.

ஸ்டெப் 8: வெளியிலயே வாழவைக்கிறது

கவர் போடுங்க, ஆனா கிரில் முழுசா ஆறினதுக்கு அப்புறம். சூட்டோட போட்டா உருகும், ஈரத்தோட போட்டா உள்ள வேர்த்து கவரே துருவ வளர்க்கும். வெயில் அடிக்கிற நாள்ல கழட்டி காத்தாட விடுங்க. சிலிண்டர்ல எவ்ளோ மிச்சம்னு தெரியணும்னா பக்கவாட்டுல வெந்நீர் ஊத்தி தடவிப் பாருங்க, எங்கருந்து கீழ சில்லுன்னு இருக்கோ அதுவரைக்கும் கேஸ் இருக்கு.

பர்னர் குழாய்க்குள்ள சிலந்தி கூடு கட்டும், இது நெசமாவே பெரிய பிரச்சினை. புரொப்பேன்ல வாசனைக்கு சேக்குற பொருள் அதுக்கு பிடிக்கும்னு சொல்றாங்க. 2011ல மஸ்டா கம்பெனி பெட்ரோல் டேங்க் பைப்புல சிலந்தி வலை அடைச்சதுக்காக ஆயிரக்கணக்கான கார திரும்ப கூப்பிட்டுச்சு, அப்படின்னா கிரில்லெல்லாம் எம்மாத்திரம். வலை அடைச்சா காத்து கலக்காது, நீலமா எரியவேண்டிய நெருப்பு மஞ்சளா சோம்பலா எரியும், ரொம்ப அடைச்சா நெருப்பு குழாய்க்கு வெளிய, நாப்புக்குப் பின்னாடியே பிடிக்கும். நெருப்பு மஞ்சளா மாறினாலோ, ரெண்டு மாசம் தொடாம விட்டிருந்தாலோ, மொதல்ல சிலிண்டர மூடி ரெகுலேட்டர கழட்டிட்டு, பர்னர வெளிய எடுத்து, பாட்டில் கழுவுற நீள பிரஷ்ஷ உள்ள விட்டு ரெண்டு இழு இழுங்க. போன தடவை நான் இழுத்தப்போ பஞ்சு மாதிரி வெள்ளையா ஒரு உருண்டை வந்துச்சு, கூடவே அதோட ஓனரும் வெளிய வந்து என்ன ஒரு தடவை பாத்துட்டு ஓடிருச்சு.