தண்டர்பேர்ட்ஸை மறுபடி பார்க்க ஒரு வழி

1965-ல் பிரிட்டனில் தொடங்கிய பொம்மைகள் நடிக்கும் டிவி தொடர் இது, மொத்தம் 32 பகுதிதான், ஒரே மூச்சில் முடித்துவிடாதீர்கள், வாரம் ஒன்று போதும். முதல் பகுதியிலிருந்தே ஆரம்பியுங்கள்: ஃபயர்ஃபிளாஷ் விமானத்தில் குண்டு, சக்கரத்தை இறக்க முடியாது, ஓடுபாதையில் விரையும் வண்டிகள்தான் அதைத் தாங்க வேண்டும். அந்தக் காட்சியில் தரையைக் கவனியுங்கள், மாடல் நின்ற இடத்திலேயே நிற்க, ஓடுபாதைதான் பெல்ட் மாதிரி சுழல்கிறது.

அப்புறம் பொம்மைகளின் உதடுகள். தலைக்குள் இருக்கும் மின்காந்தச் சுருள், பதிவு செய்த குரலுக்கேற்ப கீழுதட்டை அசைக்கிறது. ஸ்விட்சைத் தட்டும் குளோசப்பில் வருவது நிஜ மனிதக் கை.

மீட்புக் குழுவின் பெரிய விமானமான தண்டர்பேர்ட் 2 கிளம்பும்போது மரங்கள் இருபுறமும் சாயும். அதைத் தயவுசெய்து ஓட்டிவிடாதீர்கள், சத்தத்தைக் கூட்டுங்கள், பாரி கிரேயின் இசைக்கு எனக்கு இன்னமும் புல்லரிக்கிறது.