விமானம் தள்ளிப்போனால் வெள்ளவத்தைக்கு வாங்கோ

கொழும்புக்குப் பக்கத்திலுள்ள கட்டுநாயக்கா விமான நிலையத்தில் விமானம் தள்ளிப்போய், பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கையில் இருக்கிறதென்றால் விமான நிலைய நாற்காலியில் சுருண்டு கிடக்காதீர்கள். எங்கள் வீட்டுக்கு வந்துபோகும் சொந்தக்காரருக்கு நான் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் விமான நிறுவனக் கவுன்டரில் புதிய நேரத்தை எழுத்தில் வாங்குங்கள். சாப்பாடு, தங்குமிடம் உண்டா என்று வாய்விட்டுக் கேளுங்கள். வெளியே போக உங்களுக்கு விசா வேண்டுமா என்பதைக் குடிவரவுப் பகுதியில் விசாரியுங்கள். பெரிய பெட்டி விமான நிறுவனத்திடமே இருக்கட்டும். மருந்து, சார்ஜர், ஒரு மாற்றுடுப்பு கைப்பையில் போதும்.

அங்கிருந்து கொழும்பு நகரம் ஏறக்குறைய 35 கிலோமீட்டர். அதிவேக வீதியால் முக்கால் மணி நேரத்தில் வரலாம். ஆனால் மாலையில் கொழும்பை விட்டு வெளியேறும் நெரிசல் பொல்லாதது. பறப்புக்கு மூன்று மணி நேரம் முன்னே விமான நிலையத்தில் நிற்கிற மாதிரிக் கணக்குப் பார்த்து, திரும்பும் நேரத்தை இப்போதே குறித்து வையுங்கள்.

ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்றால் நான் தேசிய அருங்காட்சியகத்தைத்தான் சொல்வேன். 1877இல் திறந்த வெள்ளைக் கட்டடம். உள்ளே தெற்கிலுள்ள காலி நகரில் 1911இல் கண்டெடுத்த மும்மொழிக் கல்வெட்டு இருக்கிறது. சீனக் கடற்தளபதி செங் ஹே கொண்டுவந்த அந்தக் கல்லில் 1409ஆம் ஆண்டு குறித்திருக்கிறது. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தென்னாவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும், பாரசீகத்தில் இஸ்லாத்துக்கும் காணிக்கை சொல்லியிருக்கிறார்கள். பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று பட்டியலே உண்டு. கடல் கடந்து வந்தவன் நம் எழுத்திலும் வணக்கம் சொன்னான் என்பதை நேரில் பார்க்கையில் எனக்கு இன்றைக்கும் மெய்சிலிர்க்கும். அவசரப்படாமல் நின்று பாருங்கள்.

காலையில் வந்தீர்களென்றால் கொட்டாஞ்சேனைப் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலுக்குப் போகலாம். தமிழ்த் தலைவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் எழுப்பியது. மதியம் நடை சாத்திவிடுவார்கள். கடலோரத்துக் காலிமுகத்திடலுக்கு வெயில் தாழ்ந்தபிறகு போங்கள், இறால் வடை சாப்பிடலாம்.

அப்புறம் கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்தில் கரையோர ரயில் ஏறி, தமிழர் நிறைய வாழும் கொழும்புப் பகுதியான வெள்ளவத்தைக்கு வாருங்கள். வலப்பக்கம் நின்றால் கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி தாண்டி வழியெல்லாம் கடல்தான். ஒப்பிஸ் விடும் நேரத்தில் மட்டும் ஏறாதீர்கள், மூச்சுவிட இடமிருக்காது.

வெள்ளவத்தையில் காலி வீதி என்ற பெருந்தெருவின் கடைகளில் தமிழிலேயே பேசலாம். சிவப்பு இடியப்பம், தேங்காய்ப்பால் சொதி, இடித்த சம்பல் கேளுங்கள். சொதி கேட்டால் இன்னும் ஊற்றுவார்கள். எந்த ஊர், ஏன் வந்தீர்கள் என்று விசாரிப்பார்கள். விமானம் பிந்திவிட்டது என்று சொல்லுங்கள். சாப்பிட்டீங்களோ, இருந்து போக இடம் இருக்கோ என்பதுதான் அடுத்த கேள்வியாக இருக்கும்.

தெரிந்தவரின் தெரிந்தவர் யாராவது இங்கே இருந்து நம்பர் கிடைத்தால், கூச்சப்படாமல் அழையுங்கள். எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பதை முதலே சொன்னால் அவர்களுக்கும் சமைக்க வசதி. வெறுங்கையோடு போகாமல் பழமோ பிஸ்கட்டோ வாங்கிப்போங்கள். செருப்பை வாசலில் கழற்றுங்கள். முதலில் வரும் தேத்தண்ணியை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். சீனி குறைவாகப் போடச் சொல்லலாம், தப்பில்லை. குளிக்க வேண்டுமென்றால் கேளுங்கள், துவாயோடு வருவார்கள். காசு மட்டும் நீட்டாதீர்கள், மனம் நொந்துவிடும்.

கிளம்பும்போது பார்சல் ஒன்று கட்டாயம் வரும். சொதி, கறி என்றால் விமான நிலையத்துக்குள் போகுமுன் சாப்பிட்டு முடியுங்கள், பாதுகாப்புச் சோதனையில் விடமாட்டார்கள். என்ன வேண்டும் என்று அவர்களே கேட்டால் பருத்தித்துறை வடை சொல்லுங்கள். மொறுமொறுவென்று நாலு நாள் கெடாமல் இருக்கும்.