ஆடல்மகளிரை மாயக்கதையில் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரி பாரதி பூங்காவில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சிலர் கூடிக் கதை வாசிப்போம். போன முறை புதிதாக மூன்று பேர் வந்திருந்தார்கள். மூவர் கையிலும் ஆயி கதை. நாங்கள் உட்காரும் இடத்திலிருந்து பார்த்தாலே ஆயி மண்டபம் தெரியும், அதனால் எனக்கு ஆச்சரியமில்லை.

வெளியூர்க்காரர்களுக்காக ஊர்க்கதையைச் சொல்லிவிடுகிறேன். கிருஷ்ணதேவராயர் இந்தப் பக்கம் வந்தபோது, விளக்கொளியில் மின்னிய மாளிகை ஒன்றைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டாராம். அது ஒரு தாசியின் வீடு என்று தெரிந்ததும் இடிக்கச் சொன்னாராம். ஆயி அவகாசம் கேட்டு, தன் வீட்டைத் தானே இடித்து, அந்த இடத்தில் குளம் வெட்டினாளாம். பின்னாளில், மூன்றாம் நெப்போலியன் காலத்தில், முத்திரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்தபோது அவள் நினைவாக எழுந்ததுதான் மண்டபம். புதுச்சேரி அரசின் சின்னத்திலும் அதுவே இருக்கிறது.

மூவரில் ஒரு பெண் நன்றாக எழுதுகிறாள். ஆனால் அவள் கதையின் கடைசிப் பக்கத்தில் ஆயி அழுகிறாள், கண்ணீர் பெருகுகிறது, ஒரே இரவில் குளம் நிரம்புகிறது. கேட்டுக்கொண்டிருந்த எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இதே தவறை 300 பக்கத்துக்குச் செய்தவள் நான். இரண்டு வருஷ உழைப்பு அதில் போயிற்று. வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன்.

சோழர் காலத்துச் சமையலறையில் மிளகாய் அரைப்பது போன்ற சின்னக் காலப்பிழைகளை இங்கே விட்டுவிடுகிறேன். யாராவது சுட்டிக்காட்டினால் ஒரு நிமிடத்தில் திருத்திவிடலாம்.

ஆட்டத்துக்கும் காலம் உண்டு

ராஜராஜன் அவையில் நாயகி ‘பரதநாட்டியம்’ ஆடுகிறாள், வர்ணம் ஆடித் தில்லானாவில் முடிக்கிறாள். இப்படி எத்தனையோ கதைகள் வாசித்துவிட்டேன். பரதநாட்டியம் என்ற பெயர் இந்த ஆட்டத்துக்கு நிலைத்தது 1930களில். அதற்கு முன் சதிர் என்பார்கள், சின்னமேளம் என்பார்கள். அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் வரிசையை ஒழுங்கு செய்தவர்கள் தஞ்சை நால்வரான சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு. அது 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. வயலின் நம் இசைக்குள் வந்ததும் ஏறக்குறைய அதே காலம்தான்.

சதிரில் வாத்தியக்காரர்கள் மேடையோரம் உட்கார்ந்திருக்கவில்லை. ஆடுபவளுக்குப் பின்னால் நின்று, அவள் முன்னே வந்தால் தாங்களும் வந்து, பின்னே போனால் தாங்களும் போனார்கள். இதை மட்டும் சரியாக எழுதிப் பாருங்கள், காட்சியே மாறிவிடும். ஆட்டத்தை நடத்தும் நட்டுவனார் தாளத்தைத் தட்டும்போது அந்தச் சத்தம் அவள் பிடரியில் விழும்.

ஆடல்மகளிரைக் குறிக்கும் சொற்களும் காலத்துக்குக் காலம் வேறு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் அவர்கள் தளிச்சேரிப் பெண்டுகள். 400 பேர். ஒவ்வொருவரின் பெயர், எந்தக் கோயிலிலிருந்து வந்தவர், தெருவில் எந்தச் சிறகில் (வரிசையில்) எத்தனையாவது வீடு, எல்லாம் கல்லில் இருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு, அதாவது ஆண்டுக்கு 100 கலம் நெல். தேவரடியார், பதியிலார் என்ற சொற்களைச் சோழர் காலத்தின் வேறு கல்வெட்டுகளில் பார்க்கலாம். எல்லாரையும் ‘தேவதாசி’ என்ற ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். நாயகிக்குப் பெயர் தேடி அலைகிறவர்கள் அந்தத் தஞ்சைக் கல்வெட்டை ஒரு மாலைப் பொழுது படித்தால் போதும்.

மஞ்சள் சுவர்

பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸ் காலத்து நாயகி இன்றைய புதுச்சேரியின் மஞ்சள் சுவர்களின் ஓரமாக நடக்க முடியாது. 1761இல் ஆங்கிலேயர்கள் அந்த நகரத்தை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். நீங்கள் போட்டோ எடுக்கும் சுவர்கள் அதற்குப் பிறகு எழுந்தவை. அதற்கு முந்தைய ஊர் வேண்டுமென்றால் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படியுங்கள். 1736இல் தொடங்கி, நம் பேச்சுத் தமிழிலேயே எழுதியிருக்கிறார்.

கற்காமலே ஆடுகிறவள்

இதைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல வேண்டும். இன்னும் கோபம் ஆறவில்லை.

என் முதல் நாவலின் நாயகி, திருப்பாதிரிப்புலியூரில் பூக்கட்டும் வீட்டுப் பெண். கோயிலில் மத்தளம் ஒலிக்கிறது, ‘கற்காத பாதங்கள் தாமே ஆடின’, கெடிலம் ஆறு கரைபுரண்டு வருகிறது. அந்த வரியை எழுதிய இரவு சந்தோஷத்தில் எனக்குத் தூக்கமே வரவில்லை.

கடலூரில் எனக்குத் தெரிந்த ஓர் அம்மா இருந்தார். எண்பதைத் தாண்டிய வயது. அவருடைய பாட்டி கோயிலில் ஆடியவர். நாவலை அவரிடம் வாசித்துக் காட்டப் போனேன். இரண்டாம் அத்தியாயத்திலேயே கையைத் தூக்கி நிறுத்தினார்.

“இவளுக்கு அடவு, கால் கை வைக்கிற முறையெல்லாம் யாரும்மா சொல்லிக் குடுத்தா?”

“யாரும் இல்லீங்கம்மா. தெய்வ சக்தி.”

பதில் பேசாமல் உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு பலகையும் தட்டுக்கழியும் இருந்தன. கழியில் கை பிடிக்கும் இடம் கறுத்து, எண்ணெய் தடவினது போல வழவழவென்று இருந்தது. அடிபடும் முனை ஒரு பக்கமாகத் தேய்ந்து சாய்ந்திருந்தது. பலகையின் நடுவே ஒரு பள்ளம், எலுமிச்சம்பழத்தை வைத்தால் உருளாமல் நிற்கும்.

“இது எங்க பாட்டி கத்துக்கிட்டப்பவே விழுந்துது. அதுக்கு மேல எங்க அம்மா.”

கழியை எடுத்துத் தட்ட ஆரம்பித்தார். “தெய்யா தெய், தெய்யா தெய்.” முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று வேகம் ஏறியது. அந்த வயதிலும் ஒரு தட்டு பிசகவில்லை. நிறுத்திவிட்டுச் சொன்னார்: “விடியறதுக்கு முன்னாடி முட்டிய மடிச்சு அரைமண்டில உக்காரணும். இது ஒண்ணே மாசக்கணக்கா. கால் வீங்கிடும். ராத்திரி எண்ணெய் போட்டு நீவி விடுவாங்க, காலைல திரும்ப நிக்கணும். இவ்வளவும் பண்ணவளுக்கு ஊரு என்ன பேரு வச்சுதுன்னு உனக்குத் தெரியும். இப்ப நீயும் வந்து, அவ ஒண்ணும் கத்துக்கல, தானா வந்துச்சுன்னு எழுதற.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. மானிய நிலம் போனது, கோயில் முறை போனது, ஆட்டத்தின் பெயர் மாறி வேறு வீடுகளுக்குப் போனது. அவர்களுடையது என்று மறுக்க முடியாமல் மிஞ்சியது அந்தப் பயிற்சி ஒன்றுதான். மாயம் என்ற பெயரில் அதையும் நான் எடுத்து ஆற்றில் விட்டிருந்தேன்.

‘மாயக்கதைதானே, பிறவியிலேயே சக்தி இருக்கலாமே’ என்று கேட்பீர்கள். சிலப்பதிகாரத்தைப் பாருங்கள். மாதவி, சாபத்தால் மண்ணுக்கு வந்த ஊர்வசியின் மரபில் பிறந்தவள். அவளுக்கே ஏழு ஆண்டுப் பயிற்சி. ஐந்து வயதில் தொடங்கிப் பன்னிரண்டில் அரங்கேறுகிறாள். ஆடல், இசை, தண்ணுமை, குழல், யாழ் என்று தனித்தனி ஆசிரியர்கள், பாட்டெழுத ஒரு கவிஞர். அரங்குக்குக்கூட அளவு சொல்லியிருக்கிறது: ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். தோற்ற பகையரசனின் வெண்குடைக் காம்பைப் பொன்னாலும் மணியாலும் அணிசெய்து, இந்திரன் மகன் சயந்தனாக வழிபட்டுக் கொண்டுவரும் தலைக்கோலும் அங்கே இருக்கிறது. அதைவிடப் பெரிய மாயப்பொருளை நாம் கற்பனை செய்துவிட முடியுமா என்ன! ஆனால் அவள் பிழையில்லாமல் ஆடி முடித்த பிறகுதான் தலைக்கோல் பட்டமும் 1,008 கழஞ்சுப் பொன்னும்.

மாதவி ஆடும் பதினொரு ஆடல்களில் மரக்கால் ஒன்று. அசுரர்கள் பாம்பும் தேளுமாக உருமாறி வர, கொற்றவை கால்களில் மரக்கால் கட்டிக்கொண்டு அவற்றை மிதித்து ஆடினாள் என்பது அதன் கதை. தெய்வமே ஆனாலும் மரக்காலின் மேல் சமநிலை பிசகாமல் நிற்க வேண்டியிருக்கிறது, பாருங்கள். மாயத்தையும் அடவையும் நம் ஆட்கள் எப்போதும் ஒன்றாகவே முடிந்து வைத்திருக்கிறார்கள். நாம்தான் பிரித்துவிடுகிறோம்.

சரி, எப்படிச் செய்வது? மாயம் நடக்கும் காட்சியை எடுத்துக்கொண்டு, அவள் எதைப் பழகியதால் இது நடந்தது என்று கேளுங்கள். விடை வரவில்லையென்றால் காட்சியைத் தூக்கிவிடுங்கள். நான் நாவலை மறுபடி எழுதியபோது, மூன்றாம் காலத்தில் தட்டடவை ஒரு நாழிகை விடாமல் ஆடினால்தான் கெடிலம் எழும் என்று வைத்தேன். நான்கு முறை தோற்கிறாள். நான்காம் முறை குதிகால் வெடித்து ரத்தம் வருகிறது. வாசித்தவர்கள் அந்த நாற்பது பக்கத்தைத்தான் இன்றும் சொல்கிறார்கள்.

பூங்காவில் அந்தப் பெண்ணிடமும் இதைத்தான் கேட்டேன். குளம் வெட்டக் கூலி யார் கொடுத்தது? எத்தனை ஆள்? மண்ணை எங்கே கொட்டினார்கள்? கரை உடைந்தபோது ஆயி என்ன சொன்னாள்? கண்ணீரால் நிரம்பிவிட்டால் அவள் சம்பாதித்த பொன்னுக்கும் அவளுடைய பிடிவாதத்துக்கும் கதையில் வேலையே இல்லை.

காப்பாற்ற வரும் துரை

வேண்டாம்.

பாரிஸ்காரர் கண்

1838இல் தார்திவேல் என்ற பிரெஞ்சுக்காரர் ஒப்பந்தம் போட்டு, நம் பக்கத்திலிருந்து ஐந்து ஆடல்பெண்களையும் மூன்று வாத்தியக்காரர்களையும் கப்பலேற்றி அழைத்துப் போனார். திருவந்திபுரம் கோயிலைச் சேர்ந்தவர்கள் என்று பதிவு சொல்கிறது. பாரிஸிலும் லண்டனிலும் ஆடினார்கள். அவர்களில் அம்மணி என்பவரைப் பார் என்ற சிற்பி வெண்கலச் சிலையாக வடித்தார். அன்றைய பத்திரிகைக்காரர்கள் தோல் நிறத்தையும் கண்ணையும் காதணியையும் பத்தி பத்தியாக வர்ணித்தார்கள். ஆடிய பதத்தின், அதாவது பாட்டின், பொருள் அவர்களுக்குத் தெரியாது, ஆகவே கண்ணில் பட்டதை எழுதினார்கள்.

நமக்குத் தமிழ் தெரியும், தாளம் தெரியும். நாமும் ஏன் இடுப்பிலிருந்து தொடங்குகிறோம்? அவள் எந்த வரியை மூன்றாம் முறை பாடும்போது கையை மாற்றினாள், ஏன் மாற்றினாள் என்று எழுதலாமே. இந்தக் குழுவை வைத்துக் கதை எழுத நிறையப் பேருக்கு ஆசை இருக்கிறது. அப்படியானால் உங்கள் நாயகிக்கு வேறு பெயர் வையுங்கள். அம்மணி வாழ்ந்து போன மனுஷி. அவர் வாயில் மந்திரத்தைத் திணிக்க நமக்கு உரிமை இல்லை என்பது என் எண்ணம்.

தாய்க்கிழவி இல்லாத வீடு

நாயகி தனியாக இருக்கிறாள், தனியாக அழுகிறாள், தனியாக ஆடுகிறாள். நிஜத்தில் அது கூட்டம் நிறைந்த வீடு. தாய்க்கிழவி சாவிக்கொத்தை வைத்திருப்பாள். சொத்து மகளுக்குப் போகும், மகள் இல்லையென்றால் தத்தெடுப்பார்கள். யாருக்கு எந்த நாள் கோயில் முறை என்பதில் அக்கா தங்கைக்குள் மனஸ்தாபம் வரும். கதைக்கு வில்லன் தேடி அரண்மனைக்குப் போக வேண்டியதில்லை.

சாபம்

ஒரு கதைக்கு ஒன்று போதும்.

பேத்திகள் படிக்கிறார்கள்

1947இல் சென்னை மாகாணத்தில், பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டுதலைத் தடுக்கும் சட்டம் வந்தது. புதுச்சேரி 1954 வரை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்ததால் அந்தச் சட்டத்தின் எல்லைக்கு வெளியே நின்றது. ஆகவே கடலூரில் ஒரு நியாயம், சில மைல் தள்ளி இன்னொரு நியாயம். கதைக்கு அருமையான இடம், எழுதுங்கள். ஆனால் இது தொலைதூரச் சரித்திரம் இல்லை. அந்த வீடுகளின் பேத்திகளும் கொள்ளுப்பேத்திகளும் நம் ஊரில் வேலைக்குப் போகிறார்கள், பஸ்ஸில் நம் பக்கத்தில் உட்காருகிறார்கள். குடும்பப் பெயரோ வீட்டு அடையாளமோ கதையில் வரக்கூடாது. ‘தாசி’ என்ற சொல்லை ஒரு பாத்திரம் வசையாகச் சொன்னால், அதைக் கேட்டவள் முகம் என்ன ஆனது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

திருத்திய நாவலைக் கடலூர் அம்மாவிடம் முழுதாக வாசித்துக் காட்டினேன். நான்கு மாலை ஆயிற்று. குதிகால் வெடிக்கும் இடத்தில் தன் பாதத்தைத் தடவிக்கொண்டே கேட்டார். முடிந்ததும் ஒன்றே ஒன்று சொன்னார்: “அந்தத் தெருப் பேரை மட்டும் எடுத்துடும்மா. அங்க இன்னும் ஆளுங்க இருக்காங்க.” அன்றிரவே எடுத்துவிட்டேன். பதினேழு இடத்தில் இருந்தது.