அம்மாவின் காலடியில் தேங்கிய தண்ணீர்

2012 மாடல் பெட்ரோல் செடான், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. முன் சீட்டில் உட்கார்ந்த அம்மாதான் முதலில் சொன்னார், "கீழே ஈரமா இருக்குடா" என்று. கால்மிதி மேட்டைத் தூக்கினால் கார்பெட் பிழியும் அளவுக்கு நனைந்திருந்தது, ஊறிய சாக்கு வாடை வேறு.

மே மாத வெயில், மழைத் தண்ணீராக இருக்க முடியாது. விரலால் தொட்டேன், நிறமோ பிசுபிசுப்போ இல்லை, அதனால் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டும் இல்லை. ஏசி ஓடும்போது உள்ளே இருக்கும் காயிலில் காற்றின் ஈரம் நீராகப் படிந்து, ஒரு சின்ன ரப்பர் குழாய் வழியாக வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். இருபது நிமிடம் ஏசி போட்டுக் குனிந்து பார்த்தேன், தரை காய்ந்து கிடந்தது, அப்படியென்றால் குழாய் அடைத்திருக்கிறது.

ஒரு மெக்கானிக் டாஷ்போர்டையே கழற்றணும் என்றார், எனக்கு மனம் ஒப்பவில்லை, பழைய வண்டியில் அதைக் கழற்றினால் அப்புறம் கடகட சத்தம் லேசில் போகாது. வேறு ஒர்க் ஷாப்பில் லிஃப்டில் ஏற்றி, குழாய் நுனியில் மெல்லிய நைலான் கம்பியைப் பதமாக நுழைத்தோம் (இரும்புக் கம்பி வேண்டவே வேண்டாம், காயில் ஓட்டையாகிவிடும்). வேப்பிலைத் தூளும் சேறுமாக ஒரு கட்டி விழுந்தது, பின்னாலேயே தண்ணீர் கொட்டியது.

சரி என்று, உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரையும் மாற்றினேன். கார்பெட் மொட்டை மாடியில் காய மூன்று நாள் ஆனது.