தாய்சேய் நீண்டகால ஆய்வில் புள்ளியியலாளர் வேலை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில் எஸ்டிபிஎம் (ஆறாம் படிவத் தேர்வு) கணிதத்தில் நல்ல புள்ளி எடுக்கும் பிள்ளைகளுக்கு வங்கியும் காப்பீடும்தான் கண்ணில் படுகின்றன. மருத்துவ ஆய்வுக்கும் அவர்கள் தேவை. புள்ளியியல் பட்டம் முடித்தவர்கள் குபாங் கெரியானில் உள்ள யூஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) மருத்துவ வளாகத்தில் மருத்துவப் புள்ளியியல் முதுகலை படிக்கலாம். கர்ப்ப காலத்திலேயே தாயைச் சேர்த்து, பிள்ளை வளர வளரத் தொடர்ந்து அளக்கும் ஆய்வுகள் இவர்களை நம்பித்தான் நிற்கின்றன. இங்கிலாந்தின் பிரிஸ்டல் வட்டாரத்தில் 1990களின் தொடக்கத்தில் கர்ப்பிணிகளைச் சேர்த்த அல்ஸ்பாக், மைசூரின் பார்த்தினன், 2009இல் சிங்கப்பூரில் தொடங்கிய கஸ்டோ எல்லாம் இந்த வகை.

புதிதாக வருபவர்கள் சூத்திரத்தில் தவறு செய்வது அபூர்வம். யாரை, எந்த நாளிலிருந்து எண்ணுகிறோம், யார் விடுபட்டார் என்பதில்தான் சறுக்குகிறார்கள்.

தரவு சேர்ந்த பிறகு வருவது

"எக்ஸெல் ஃபைல் தயார், கணக்குப் போட்டுத் தாருங்கள்" என்று கூப்பிடும்போது மட்டும் போனால் பாதி வேலை கைவிட்டுப் போயிருக்கும். மாதிரி அளவையே, அதாவது எத்தனை பேரைச் சேர்ப்பது என்பதையே எடுத்துக்கொள்வோம். 7 வயதில் 400 பிள்ளைகள் வேண்டும், இடையில் 30 விழுக்காடு விலகுவார்கள் என்றால், பலர் 400உடன் 30 விழுக்காட்டைக் கூட்டி 520 என்று எழுதுகிறார்கள். 520இல் 30 விழுக்காடு போனால் மிஞ்சுவது 364தான். 400ஐ 0.7ஆல் வகுக்க வேண்டும். 572 தாய்மார் தேவை.

கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார கிளினிக்) ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து, மிஸ்ஸி (தாதி) எந்தத் தராசில் நிறுக்கிறார், எண்ணை எப்போது எழுதுகிறார் என்று பாருங்கள். மென்பொருள் கற்றுத்தராத பலதும் அங்கே தெரியும்.

பெயரை வைத்து இணைப்பது

லெட்சுமி, லெச்சுமி, லக்ஷ்மி என ஒரே தாய் மூன்று பதிவேட்டில் மூன்று விதமாக இருப்பார். ஏ/பிக்குப் (இன்னாரின் மகள்) பின்னால் வரும் அப்பா பெயரின் எழுத்துக்கூட்டலும் மாறும். ஐசி (அடையாள அட்டை) நம்பரை வைத்து இணையுங்கள். அதன் 12 இலக்கங்களில் முதல் 6 பிறந்த தேதி. கடைசி இலக்கம் பெண்ணுக்கு இரட்டைப்படை, ஆணுக்கு ஒற்றைப்படை. தட்டச்சுப் பிழையைப் பிடிக்க இந்த இரண்டும் உதவும்.

பிறந்த குழந்தைக்கு இதுவும் போதாது. பிறப்பைப் பதியும் வரை அதற்குச் சொந்த எண் இல்லை. மருத்துவமனைத் தாளில் தாயின் பெயரில்தான் இருக்கும். அதனால் தாய் எண், எத்தனையாவது கர்ப்பம், எத்தனையாவது குழந்தை என்று மூன்றையும் சேர்த்து ஆய்வு எண் கொடுங்கள்: 0147-2-1. இரட்டையருக்கும், அதே தாயின் அடுத்த பிள்ளைக்கும் குழப்பம் வராது. ஒரே தாயின் பிள்ளைகள் புள்ளியியல் கணக்கில் ஒருவரையொருவர் சாராதவர்கள் அல்ல என்பதையும் இந்த எண் நினைவூட்டும். அவர்களைத் தனித்தனி ஆட்களாக எண்ணினால் பிழை வரம்பு பொய்யாகச் சுருங்கும். ஒரே தாயின் பிள்ளைகளை ஒரு குழுவாகக் கொள்ளும் கலப்பு மாதிரி (mixed model) என்ற கணக்கு முறை தேவை.

காலத்தைத் தவறாக எண்ணுவது

இதுதான் மிகப் பெரிய தவறு, அதிகம் கண்ணில் படாததும் இதுவே. கர்ப்ப கால கிளினிக் வருகைகளைக் கூட்டிக் குறைமாதப் பிரசவத்தோடு ஒப்பிட்டால், வருகை குறைந்த தாய்மாருக்குக் குறைமாதப் பிரசவம் அதிகம் என்றே பெரும்பாலும் விடை வரும். 32ஆம் வாரத்தில் பெற்றவர் 36ஆம் வாரத்தில் எப்படி கிளினிக்குக்கு வந்திருப்பார்? அடிக்கடி வரச் சொல்வதே கடைசி வாரங்களில்தான். பிரசவம் முந்தியதால் வருகை குறைந்தது. கணக்கு அதைத் தலைகீழாகக் காட்டுகிறது. அந்த விடை அறிக்கையில் ஏறினால், தோட்டத்துப் பெண்கள் ஒழுங்காக கிளினிக்குக்கு வருவதில்லை என்ற பழி அவர்கள் தலையில் விழும். செய்யாத குற்றத்துக்கு ஒரு சமூகத்தையே பொறுப்பாக்கும் கணக்கு அது.

28 வாரம் நிறைந்த நாளை எல்லையாக வையுங்கள். அதுவரை நடந்த வருகைகளை மட்டும் எண்ணி, அன்று இன்னும் கர்ப்பமாக இருப்பவர்களை மட்டும் அதிலிருந்து தொடருங்கள். கர்ப்ப கால எடை அதிகரிப்பிலும் இதே சிக்கல் உண்டு. மொத்தக் கிலோவைப் பார்க்காமல் வாரத்துக்கு எவ்வளவு என்று பாருங்கள்.

பிள்ளையின் வயதையும் வாய்ச்சொல்லாக வாங்காதீர்கள். "ரெண்டு நடக்குது" என்றால் ஒரு வயதுதான் முடிந்திருக்கும். அளந்த தேதியிலிருந்து பிறந்த தேதியைக் கழித்து நாள் கணக்கில் வயது எடுங்கள். 32 வாரத்தில் பிறந்த குழந்தை 8 வாரம் முந்தியது. 26 வார வயதில் அதை 18 வாரக் குழந்தையாகக் கொண்டுதான் வளர்ச்சி அட்டவணையில் பார்க்க வேண்டும். இந்தத் திருத்தம் வழக்கமாக 2 வயது வரை.

பிறப்பு எடையைக் கண்மூடித்தனமாகச் சரிக்கட்டுவது

பிறப்பு எடை கையில் இருக்கிறதே என்று அதையும் கணக்கு மாதிரியில் சேர்த்து, ஒரே எடைக் குழந்தைகளை ஒப்பிடுவதுபோல் சரிக்கட்டுவது வழக்கமாகிவிட்டது. எடை குறைந்த குழந்தைகளை மட்டும் பார்த்தால், புகைபிடித்த தாய்மாரின் குழந்தைகள் குறைவாக இறந்ததாக 1971இல் யெருஷால்மி காட்டினார். புகை அவர்களைக் காப்பாற்றியதாக அர்த்தமில்லை. புகைக்காத தாயின் குழந்தை எடை குறைந்திருந்தால், பிறவிக் கோளாறு போன்ற இன்னும் மோசமான காரணம் பின்னால் இருக்க வாய்ப்பு அதிகம். தாயின் நிலை பிறப்பு எடை வழியாகத்தான் பிள்ளையைப் பாதிக்கிறது என்றால், எடையைச் சரிக்கட்டுவது அந்த வழியையே அடைத்துவிடும். கணக்குக்கு முன் எது எதைப் பாதிக்கிறது என்று காகிதத்தில் அம்புக்குறி போட்டு வரையுங்கள்.

ஆம், இல்லை என்று மட்டும் பதிவது

கர்ப்பகால நீரிழிவுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் 1999 வரையறை, இரத்தச் சர்க்கரை வெறும் வயிற்றில் 7.0, குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து லிட்டருக்கு 7.8 மில்லிமோல். 2013இல் அது 5.1, 8.5 என்று மாறியது. ஒரு மணி நேரத்துக்கு 10.0 சேர்ந்தது. மலேசிய வழிகாட்டி 5.1, 7.8 என்கிறது. "உண்டு" என்று மட்டும் எழுதி வைத்தால், பத்து ஆண்டு கழித்து நோய் கூடியதா வரையறை மாறியதா என்று பிரிக்க முடியாது. உண்மை அளவைப் பதிந்துவிடுங்கள்.

உயரத்திலும் கவனம் வேண்டும். 2 வயதுக்குள் படுக்க வைத்து அளப்பார்கள், பிறகு நிற்க வைத்து. நிற்கும்போது சுமார் 0.7 செ.மீ. குறையும். எப்படி அளந்தது என்று அட்டவணையில் ஒரு நிரல் இல்லாவிட்டால் பிள்ளை குறுகிப்போனதுபோல் தெரியும். எடையை 2.5 கிலோ என்று முழுமையாக்காதீர்கள். 2,460 கிராம் குறைந்த எடை, 2,500 கிராம் அப்படியல்ல.

விடுபட்டவர்களை மறப்பது

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனவர் வேறு மாவட்ட கிளினிக்கில் இருப்பார். சிக்கலான கர்ப்பம் ஈப்போ பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்படும். ஈப்போ பதிவேட்டை மட்டும் பார்த்தால் எங்கும் சிக்கலே தெரியும். தோட்ட நிலம் விற்கப்பட்டு லயத்தைக் காலி செய்த குடும்பம் ஏதோ ஒரு தாமானுக்குப் போயிருக்கும். இவர்களை நீக்கிவிட்டு மிஞ்சியவர்களை வைத்துக் கணக்குப் போட்டால் நிலைபெற்ற குடும்பங்களின் கதை மட்டுமே வரும்.

கடைசியாக அளந்த எண்ணை அடுத்த முறைக்கும் நகலெடுப்பது அதைவிட மோசம். உலக சுகாதார நிறுவனத்தின் 2006 தரப்படி ஆண் பிள்ளையின் நடு எடை 2 வயதில் 12.2 கிலோ, 4 வயதில் 16.3. அந்த 12.2ஐ 4 வயதுக்கு இழுத்தால் நன்றாக வளர்ந்த பிள்ளை எடை குறைந்தவனாகிவிடுவான். சேர்ந்த நாளின் விவரங்களில் இருந்தவர்களையும் போனவர்களையும் முதலில் ஒப்பிடுங்கள். பிறகு பன்முக நிரப்பல் (multiple imputation): விடுபட்ட எண்ணை மற்ற விவரங்களை வைத்துப் பலமுறை ஊகித்து நிரப்பி, விடைகளைச் சேர்ப்பது. 30 விழுக்காடு விடுபட்டால் குறைந்தது 30 நிரப்பல்கள். இரண்டு பக்கத்து உறவினர் தொலைபேசி எண்களையும் முதல் நாளே வாங்கி வைத்தால் இந்த வேலையே பாதியாகக் குறையும்.

ஒப்புதலைத் தள்ளிப்போடுவது

சுகாதார அமைச்சு கிளினிக்குகளில் செய்யும் ஆய்வுக்கு என்எம்ஆர்ஆர் (தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவும் எம்ஆர்இசி (அமைச்சின் ஆய்வு நெறிமுறைக் குழு) ஒப்புதலும் முதல் தாயைச் சேர்ப்பதற்கு முன்பே வேண்டும். தாய் கையெழுத்திட்ட ஒப்புதல் பிள்ளைக்கு 18 வயது வரைதான். அந்த நாள் வரும்போது பிள்ளையிடமே மறுபடி கேட்க வேண்டும். தரவுக் கோப்பில் ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்தத் தேதியை இப்போதே ஒரு நிரலாகப் போட்டுவிடுங்கள். அன்று அந்த மேசையில் வேறொருவர் இருப்பார்.