உயர்த்திய ஜீப்பின் முன் டிரைவ் ஷாஃப்ட்: அதிர்வைக் கண்டறிந்து சரிசெய்யும் முறை

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து டொலிடோ நகரில் தயாரான ஜீப் ரேங்லர் ஜேகே, 2007 முதல் 2018 வரையிலான மாடல்களில் வந்தது. அதை வாங்கியவர்களில் பலர் முதலில் செய்யும் மாற்றம், ஸ்பிரிங்குகளை மாற்றி வண்டியை இரண்டரை அல்லது மூன்று அங்குலம் உயர்த்தி 35 அங்குல டயர்களைப் போடுவதுதான். உயர்த்திய சில மாதங்களில் நெடுஞ்சாலையில் ஒரு ரீங்காரமோ வண்டியின் அடியில் கிரீஸ் தெறித்த கறையோ தென்பட்டால், எஞ்சின் விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துத் தரும் ட்ரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன் ஆக்சிலுக்குச் செல்லும் சுழல்தண்டான டிரைவ் ஷாஃப்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஜேகேயின் முன் ஆக்சிலில் சக்கரங்களை ஷாஃப்டிலிருந்து துண்டித்துவிடும் அமைப்பு இல்லாததால், இரு சக்கர இயக்கத்தில் ஓட்டும்போதும் முன் ஷாஃப்ட் சுழன்றுகொண்டே இருக்கும். ஆகவே, ‘நான் நாலு சக்கர இயக்கத்தைப் போடவே இல்லையே’ என்று அதை விட்டுவிட முடியாது.

அதிர்வு எங்கிருந்து வருகிறது என்பதைக் கணக்கே பாதி சொல்லிவிடும். 35 அங்குல டயரும் 4.10 ஆக்சில் விகிதமும் (சக்கரம் ஒருமுறை சுற்ற ஷாஃப்ட் 4.10 முறை சுற்றும்) உள்ள வண்டி மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது, சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ 10 முறையும் ஷாஃப்ட் ஏறத்தாழ 41 முறையும் சுற்றும். டயர் கோளாறு ஸ்டியரிங்கையோ இருக்கையையோ பிடித்து ஆட்டுவதுபோல் தெரியும். ஷாஃப்ட் கோளாறு தரைத்தகட்டின் வழியே உள்ளங்காலில் ‘உம்ம்’ என்று இரையும். நான் இந்த வேறுபாடு தெரியாமல் மூன்று முறை வீல் பேலன்ஸுக்குப் பணம் கொடுத்த பிறகுதான் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன்.

ஐயத்தை உறுதிசெய்யும் வழி எளிது. சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஷாஃப்டும் அதன் இரு முனைகளும் போல்ட்டால் பிணையும் தட்டுகளான ஃபிளாஞ்சுகளும் சேரும் இடத்தில் பெயிண்டால் கோடு போட்டுக்கொண்டபின், முன் ஷாஃப்டை முழுதாகக் கழற்றிவிட்டு, இரு சக்கர இயக்கத்தில் மட்டும் அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். அதிர்வு மறைந்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது. மறையாவிட்டால் பின் ஷாஃப்டையும் டயர்களையும் பாருங்கள். எந்தப் பாகத்தையும் வாங்கும் முன் இந்தச் சோதனையைச் செய்வதே என் பிடிவாதம்.

கழற்றிய ஷாஃப்டைக் கையில் வைத்துப் பார்க்கும்போது ட்ரான்ஸ்ஃபர் கேஸ் முனையில்தான் கண் போகவேண்டும். அங்கே தொழிற்சாலை வைத்திருப்பது, ஆறு எஃகு உருண்டைகள் கூண்டுக்குள் உருளும் ஜெப்பா வகை ஜாயிண்ட், அதாவது சாய்ந்த நிலையிலும் சுழற்சியைக் கடத்தும் இணைப்பு. அதன் கிரீஸைக் காப்பது மெல்லிய ரப்பர் உறையான பூட். வண்டி உயர்ந்ததும் ஷாஃப்ட் முன்னைவிட அதிகமாகச் சாய்கிறது. 3 அடி நீள ஷாஃப்டின் ஒரு முனை 3 அங்குலம் இறங்கினால் சாய்வு ஏறத்தாழ 5 பாகை கூடும். சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது இன்னும் கூடும். பூட்டின் மடிப்புகள் ஒருபுறம் நசுங்கி ஒன்றோடொன்று உரசுகின்றன. 2012 முதல் வந்த 3.6 லிட்டர் எஞ்சின் வண்டிகளில், சக்கரம் முழுதும் தொங்கும் நிலையில் குறுக்கே போகும் சைலன்சர் குழாயிலும் ஷாஃப்ட் உரசக்கூடும். மடிப்புகளை விரலால் விரித்து உட்பள்ளத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். மேலே துடைத்தாற்போல் சுத்தமாக இருக்கும் பூட்டும் உள்ளே கிழிந்திருக்கும். கிரீஸ் வெளியேறி மணல் உள்ளே போன ஜாயிண்ட் சூடாகி உடைந்தால், ஒரு முனை விடுபட்ட ஷாஃப்ட் சாட்டைபோல் சுழன்று கியர்பாக்ஸின் ஆயில் பானையே உடைத்துவிடும். ஆகவே பூட் கிழிந்த வண்டியை ‘ஊர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஓட்டாதீர்கள்.

வழக்கமான மாற்று, மேல்முனையில் இரு கிராஸ்கள் (கூட்டல் குறி வடிவ இணைப்புத் துண்டுகள்) சேர்ந்த டபுள் கார்டன் ஜாயிண்டும் கீழ்முனையில் ஒரே கிராஸ் உள்ள ஒற்றை யூ ஜாயிண்டும் கொண்ட, 1310 என்ற ஜாயிண்ட் அளவிலான ஷாஃப்ட். இதை மாட்டிய பிறகு பூட் தொல்லை தீர்ந்து, முன்பு இல்லாத அதிர்வு புதிதாக வந்தது என்று புலம்புவோர் உண்டு. காரணம் ஷாஃப்டின் தரத்தில் இல்லை. ஜெப்பா ஜாயிண்ட் எந்தச் சாய்விலும் சீரான வேகத்தைக் கடத்தும். ஒற்றை யூ ஜாயிண்ட் அப்படியன்று, சாய்வு இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் கூடிக் குறையும். 10 பாகைச் சாய்வில் இந்த ஏற்றஇறக்கம் ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடு. 20 பாகையில் 6 விழுக்காடு. டபுள் கார்டன் தன் சாய்வைத் தானே ஈடுசெய்துகொள்ளும், ஆனால் கீழே உள்ள ஒற்றை ஜாயிண்டுக்குத் துணை இல்லை. எனவே ஷாஃப்ட் வந்து சேரும் ஆக்சிலின் பல்சக்கரத் தண்டான பினியன், ஷாஃப்டின் நேர்கோட்டிலேயே ஓரிரு பாகைக்குள் நிற்கவேண்டும்.

இங்கேதான் சிக்கல். முன் ஆக்சில் ஒரே உருக்குக் குழாய் என்பதால், பினியனை மேலே தூக்க ஆக்சிலைத் திருப்பினால் சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வான கேஸ்டர் கோணம் அதே அளவு குறையும். கேஸ்டர் குறைந்த ஜீப் நெடுஞ்சாலையில் அலையும். ஸ்டியரிங் தானாக நேராகாது. அதைச் சரிசெய்ய கேஸ்டரைக் கூட்டினால் பினியன் கீழே குனிந்து அதிர்வு திரும்பும். இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்க நேர்ந்தால் ஸ்டியரிங்கையே காப்பாற்றுங்கள். தொழிற்சாலை அளவான நான்கு பாகையையொட்டிக் கேஸ்டரை வைத்துக்கொண்டு, மெல்லிய இரைச்சலைப் பொறுத்துக்கொள்வது, வளைவில் வண்டி கையை விட்டுப் போவதைவிட மேல். இரண்டும் வேண்டும் என்போர் ஆக்சில் முனைகளில் உள்ள சி வடிவத் துண்டுகளின் வெல்டிங்கை வெட்டி, திருப்பி, மறுபடி வெல்டு வைக்கிறார்கள். அது தேர்ந்த பட்டறைக்கு மட்டுமே உரிய வேலை.

அளவெடுக்கும்போது வண்டியின் முழு எடையும் சக்கரங்களின்மேல் இருக்கவேண்டும். ஜாக்கியில் தொங்கவிட்டு எடுத்த அளவு எதற்கும் உதவாது. டிஜிட்டல் கோணமானியை ஷாஃப்டின் குழாய்மீதும் பினியன் ஃபிளாஞ்சின் முகத்திலும் வைத்து இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். புதிய ஷாஃப்டுக்கு ஆர்டர் கொடுக்க, இதே நிலையில் ஃபிளாஞ்சிலிருந்து ஃபிளாஞ்சுக்கு உள்ள நீளத்தைக் கொடுங்கள். மாட்டிய பின்பு சேஸைத் தாங்கிகளில் நிறுத்தி, முன் ஆக்சிலை முழுதும் இறக்கிவிட்டு, ட்ரான்ஸ்ஃபர் கேஸை இரு சக்கர இயக்கத்தில் வைத்து ஷாஃப்டைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். ஜாயிண்ட் எங்காவது கட்டிப்பிடித்தாலோ, ஷாஃப்ட் நீண்டு சுருங்க உதவும் பல்வரி இணைப்பான ஸ்ப்லைன் கழன்றுவிடும் அளவுக்கு வெளியே வந்தாலோ, ஷாக் அப்சார்பரின் நீளத்தைக் குறைக்கவோ ஆக்சில் அதிகம் இறங்காதபடி கட்டுப்பட்டை போடவோ வேண்டும். முன் சஸ்பென்ஷன் தனித்தனியாக இயங்கும் பிக்கப் டிரக்குகளில் சுழற்சியை இரு சக்கரங்களுக்கும் பிரிக்கும் டிஃபரென்ஷியல் சேஸிலேயே பொருத்தப்பட்டிருப்பதால் இந்தத் தொல்லை பெரும்பாலும் சக்கரத்துக்குப் போகும் அரை ஆக்சில்களில்தான் காட்டும்.

டபுள் கார்டனின் நடுவில் ஒரு உருண்டையும் கிண்ணமும் உண்டு. மற்ற நிப்பிள்களுக்குக் கிரீஸ் அடித்துவிட்டு இதை மறந்துவிடுவார்கள், ஏனெனில் இதன் நிப்பிள் உள்ளடங்கி இருப்பதால் சாதாரண கிரீஸ் கன் மூக்கு எட்டாது. ஊசி போன்ற மூக்கை மாட்டி, ஷாஃப்டைச் சுற்றி வழியைக் கண்டுபிடித்து, பழைய கிரீஸ் ஓரத்தில் பிதுங்கி வரும்வரை மெதுவாக அடியுங்கள். மெல்ல ஓட்டும்போது குருவி கத்துவதுபோல் கீச்சொலி கேட்டால், அந்தக் கிண்ணம் உலர்ந்துவிட்டது.